கடைசி ரீல் பார்க்காதவன்

அவனை நான் முதன்முதலில் பார்த்தபோது தலையில் தொப்பி வைத்திருந்தான். எங்கள் பக்கம் வெயிலுக்குத் துண்டைத்தான் தலையில் கட்டுவார்கள். தொப்பி என்றால் போலீஸ்காரர், இல்லாவிட்டால் ஜீப்பில் வரும் பெரிய ஆபீஸர். இவனோ கிரீஸ் படிந்த காக்கி டவுசரும் பனியனுமாக, விளிம்பு வளைந்த பழைய தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டுக்கொண்டு மதுரையில் பஸ் ஏறினான்.

"என்னப்பா இது வேஷம்?" என்றேன்.

"அமெரிக்காத் தொப்பிண்ணே. பிளாட்பாரக் கடையில கெடந்துச்சு. வாங்கிட்டேன்."

அறுபதுகளின் தொடக்கம். திருச்சுழியிலிருந்து அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி வழியாக மதுரைக்குப் போய்த் திரும்பும் ஒரு கம்பெனி பஸ்ஸில் நான் கண்டக்டர். அவன் பருத்தி லாரியில் கிளீனர். அருப்புக்கோட்டையிலிருந்து பேல் பேலாகக் கட்டிய பருத்தியை ஏற்றிக்கொண்டு மதுரை மில்லுக்குப் போவான். லோடு இறக்கிவிட்டு லாரி வேறு பக்கம் போகும் நாட்களில் எங்கள் பஸ்ஸில் ஊர் திரும்புவான். ஏறுவதற்கு முன் காலைக் காட்சியில் ஒரு இங்கிலீஷ் படம் பார்த்திருப்பான். அந்தக் காலத்தில் அங்கே வந்ததெல்லாம் பெரும்பாலும் அமெரிக்கக் கொள்ளைக்காரர்கள் கதை. ரயிலை மறிப்பார்கள், பேங்கை உடைப்பார்கள், குதிரையில் தப்பி ஓடுவார்கள். வசனம் ஒன்றும் அவனுக்குப் புரியாது. ஆனாலும் கதையை முழுதாகச் சொல்வான். பஸ்ஸில் பாதிப்பேர் திரும்பி உட்கார்ந்து கேட்பார்கள்.

"அங்கயும் நம்ம ஊரு மாதிரிதாண்ணே. மழ இல்ல, மரம் இல்ல. காஞ்ச காடு, புழுதி. என்ன, நம்மகிட்ட குதிர இல்ல."

ஒருநாள் காட்டு வேலைக்குப் போய்த் திரும்பிய பெண் ஒருத்தி, "அப்பொறம் அந்தக் களவாணி என்னதான் ஆனான்?" என்று கேட்டாள்.

"தெரியாது மதினி. கடைசி ரீலுக்கு முன்னாடி எந்திரிச்சு வந்துருவேன்."

"ஏனாம்?"

"எப்பிடியும் சுட்டுத்தான் போடுவாக. அதப் பாக்கவா காசு குடுத்துப் போறது?"

பஸ்ஸே சிரித்தது. டிரைவர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

திருச்சுழிக்கும் அருப்புக்கோட்டைக்கும் நடுவில், கண்மாய்க்கரை வளைவில் இறங்கி ஒற்றையடிப் பாதையில் நடந்தால் அவன் ஊர். அப்பன் இல்லை. ஆத்தாவும் ஒரு தம்பியும்தான். தம்பிக்காரன் அருப்புக்கோட்டையில் நூலுக்குச் சாயம் போடும் பட்டறையில் வேலை பார்த்தான். மணிக்கட்டு வரை எந்நேரமும் நீலம். டிக்கெட்டுக்குக் கை நீட்டினால் பக்கத்து சீட்டுக்காரர்கள் வேட்டியை ஒதுக்கிக்கொள்வார்கள். அண்ணன் பேசுகிற அளவுக்கு அவன் பேச மாட்டான். அண்ணன் கதை சொல்லும்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டு தனக்குள் சிரித்துக்கொள்வான்.

ஒரு கோடையில் அண்ணன்காரன் கொஞ்ச நாள் பஸ்ஸுக்கு வரவில்லை. பிறகு ஒருநாள் தம்பிக்காரன் அவனைக் கைத்தாங்கலாக ஏற்றினான். தலையில் தொப்பி இல்லை. இடது கை துணியில் சுற்றியிருந்தது. லாரியில் ஒரு பேல் குறைந்திருக்கிறது. லாரி டிரைவர் வழியில் யாருக்கோ இறக்கிவிட்டு, கிளீனர்மேல் பழியைப் போட்டுவிட்டார். ஏதோ ஒரு ஸ்டேஷனில் வைத்து விசாரித்திருக்கிறார்கள். இடது கை விரல்கள் நான்கும் உடைந்து, கோணலாகக் கூடிவிட்டன. பிறகு அந்த டிரைவர்தான் எடுத்தார் என்று தெரிந்தபோது, "சரி, போ" என்று அனுப்பிவிட்டார்கள். அவ்வளவுதான்.

ஆனால் எந்த லாரி ஷெட்டிலும் அவனை மறுபடி சேர்க்கவில்லை. நாங்கள் போகும்போதும் வரும்போதும் கண்மாய்க்கரை வளைவில் ஒரு கல்லில் உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டிருப்பான். ஒருநாள் அங்கே ஆள் இறங்கும்போது நான் கேட்டேன்.

"வேற ஏதாவது தொழில் பாக்கலாம்லப்பா?"

"என்ன தொழில்ண்ணே? பருத்தி எடுக்கவா? வெரல் மடங்க மாட்டேங்குது. களவாணின்னு முத்திர குத்தியாச்சு. இனி நல்லவனா இருந்து யாருக்குக் காட்ட?"

அவன் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு ஒருமாதிரி இருந்தது. விசில் கொடுத்தேன். பஸ் கிளம்பிவிட்டது.

அந்த வளைவில் லாரிகள் மெதுவாகத்தான் திரும்ப வேண்டும். இருட்டில் லோடு வண்டிகளின் கயிறு அறுபட்டு மூட்டைகள் காணாமல் போக ஆரம்பித்தன. முதலில் பருத்தி, பிறகு அரிசி, துணிக்கட்டு. அந்த வருஷங்களில் மழை பொய்த்திருந்தது. கண்மாய் வெடித்துக் கிடந்தது. வெள்ளாமை இல்லாத நிலத்திலெல்லாம் சீமைக்கருவை புகுந்து அடர்ந்திருந்தது. அதற்குள் போன ஆளைத் தேடிப் பிடிக்க யாராலும் முடியாது. விடிந்து பார்த்தால் வாசலில் ஒரு படி அரிசி இருந்தது என்று சில வீடுகளில் சொன்னார்கள். எது நிஜம், எது கதை என்று எனக்குத் தெரியாது. ஆனால் டீக்கடைகளில் அவன் பெயரைச் சொல்லும்போது குரல் மாறியது. "இங்கிலீசு படத்துல வாரவன் கணக்காவுல்ல இருக்கான்!" என்றார்கள். எம்.ரெட்டியபட்டி போக வண்டி மாறுகிறவர்கள் அவனைப் பற்றி என்னிடம் கேட்பார்கள், நான் ஏதோ அவனுக்குச் சொந்தக்காரன் மாதிரி. மதுரைப் பேப்பரில் அவனைப் பற்றி வந்தபோது பஸ்ஸில் சத்தமாக வாசித்தார்கள்.

எங்கள் பஸ்ஸையும் ஒருமுறை மறித்தான். பொழுது சாய்கிற நேரம். வளைவில் ரோட்டின் குறுக்கே முள்ளை வெட்டிப் போட்டிருந்தது. டிரைவர் பிரேக் போட்டதும் முன்பக்கம் அவன் ஏறினான். அதே தொப்பி. வலது கையில் நாட்டுத் துப்பாக்கி. பின்பக்கப் படியில் முகத்தைத் துண்டால் மூடிய ஒருவன் அரிவாளோடு நின்றான். முகத்தை மறைத்தவன் கையை மறைக்க மறந்துவிட்டான். மணிக்கட்டு வரை நீலம்.

"கண்டக்டரண்ணே, நீங்க ஒக்காருங்க. ஒங்க பையி எனக்கு வேணாம்" என்றான். நேராக டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பருத்தித் தரகரிடம் போய்ப் பையையும் மோதிரத்தையும் வாங்கினான். நடு சீட்டில் கல்யாணமாகிச் சில நாளே ஆன ஒரு பிள்ளை, கேட்காமலே தன் தோட்டைக் கழற்றி நீட்டியது. அவன் திரும்பிப் பார்த்தான்.

"போட்டுக்க தாயி. ஒன்னய யாரு கேட்டா?"

இறங்கிப் போய்விட்டார்கள். ஒரு வாரத்துக்குள் அந்தக் கதை ஊரெல்லாம் சுற்றி, அவன் தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி அந்தப் பிள்ளைக்குச் சீர் செய்ததாக என்னிடமே ஒருவர் சொன்னார். நான் பார்த்தது வேறு. அந்தப் பிள்ளையால் தோட்டைத் திரும்ப மாட்ட முடியவில்லை. காதருகே கொண்டுபோவதும் கீழே விடுவதுமாக இருந்தது. உட்கார்ந்த இடம் நனைந்திருந்தது. அருப்புக்கோட்டை வரும்வரை அதன் புருஷன்காரன் பிடித்துக்கொண்டே வந்தான். இதை யாரும் கதையாகச் சொல்லவில்லை.

அருப்புக்கோட்டையில் பருத்திக் குடோன் ஒன்றில் ஒரு பெரியவர் காவல் இருந்தார். அவரும் அதே ஊர்க்காரர். சாயங்காலம் எங்கள் பஸ்ஸில் தூக்குச்சட்டியோடு போவார், காலையில் திரும்புவார். கண் பார்வை மங்கல். படியில் ஏறும்போது என் தோளைப் பிடித்துக்கொள்வார். அந்த அண்ணன் தம்பிகளின் ஆத்தாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். அதாவது அவர்களுக்குத் தாய்மாமன் முறை.

ஒரு விடியற்காலையில் அந்தக் குடோனில் அவரை வெட்டிப் போட்டிருந்தார்கள்.

அன்று காலை கண்மாய்க்கரையில் அவருடைய மகள் ஏறினாள். அப்பாவுக்கு ஏதோ அடிபட்டிருக்கிறது என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். "ஆஸ்பத்திரி பக்கத்துல நிப்பாட்டுவீகளா?" என்று என்னிடம் கேட்டாள். பஸ்ஸில் எல்லோருக்கும் தெரியும், அவளுக்கு மட்டும் தெரியாது. தலையை ஆட்டிவிட்டு அடுத்த சீட்டுக்கு டிக்கெட் போடப் போய்விட்டேன்.

நடந்தது என்ன என்பது பிறகுதான் தெரிந்தது. இருவரும் குடோனுக்குள் இறங்கியிருக்கிறார்கள். அவர்கள் காட்டுக்குள் போன பிறகுதான் இந்த மாமன் அங்கே காவலுக்குச் சேர்ந்திருந்தார்; அது அவர்களுக்குத் தெரியாது. சத்தம் கேட்டு அவர் கம்பை ஊன்றிக்கொண்டு வந்திருக்கிறார். கண் தெரியாவிட்டாலும் காது கேட்குமே. அண்ணன்காரன் ஏதோ சொன்ன குரலை வைத்துக்கொண்டு, "ஏலே மருமகனே, நீயாலே?" என்று கேட்டிருக்கிறார். சந்தோஷமாகத்தான் கேட்டாராம். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் வெட்டு விழுந்தது.

அதோடு தம்பிக்காரன் அண்ணனை விட்டுப் பிரிந்துவிட்டான்.

அதற்குப் பிறகு டீக்கடைகளில் அண்ணன்காரன் பெயரை யாரும் சொல்லவில்லை. அவர்கள் ஊரில் போலீஸ் முகாம் போட்டது. ஆம்பளைகள் காட்டுக்குள் ஓடினார்கள். வீடுகளில் பானை சட்டியெல்லாம் உடைந்தது. கடைசியில் ஆத்தாவைக் கூட்டிப்போய் ஸ்டேஷனில் உட்காரவைத்துவிட்டார்கள். மகன்களில் ஒருவனாவது வரும்வரை விட மாட்டோம் என்றார்கள். அந்தச் செய்தி கருவைக்காட்டுக்குள் எப்படியோ போய்ச் சேர்ந்தது. தம்பிக்காரன் கிராம முன்சீப் வீட்டில் வந்து நின்றான்.

"அண்ணன் எங்கன இருக்கான்னு சொல்லுதேன். ஆத்தாள விட்ரணும். அண்ணன உசுரோட பிடிக்கணும். சுடப்படாது."

அங்கே வந்த போலீஸார் "சரி" என்றார்கள்.

கருவைக்காட்டு நடுவில் ஒரு பாழுங்கிணறு. அதன் பக்கவாட்டுப் பொந்தில்தான் அண்ணன்காரன் படுத்திருந்தான். விடிந்து வெயில் ஏறும் நேரத்தில் சுற்றி வளைத்தார்கள். அவன்தான் முதலில் சுட்டான் என்று போலீஸ் சொன்னது. அந்த நாட்டுத் துப்பாக்கி வெடித்ததை யாரும் கேட்டதில்லை என்று ஊர் சொன்னது. நான் அங்கே இல்லை. எனக்கு எதுவும் தெரியாது.

அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் பின்னால் பிணக்கொட்டகை. அதன் வாசலில் வேப்ப மரத்தடியில் உடலைக் கிடத்தியிருந்தார்கள். எல்லோரும் பார்க்கட்டும் என்று வைத்ததுதான். மில் வேலைக்காரர்கள், தறிக்காரர்கள், சந்தைக்கு வந்தவர்கள், பிள்ளையை இடுப்பில் வைத்த பெண்கள் என்று வரிசை நின்றது. நானும் நின்றேன். கண் பாதி திறந்திருந்தது. கோணல் விரல்கள் நெஞ்சின்மேல் இருந்தன. நான் நினைத்ததைவிடச் சிறிய உடம்பு. தலைமாட்டில் தொப்பியை வைத்து ஒரு போட்டோக்காரர் படம் எடுத்தார். பிறகு அந்தப் படத்தைப் பிரதி போட்டு விற்றார்.

சில மாதங்கள் கழித்து யாரோ பஸ்ஸில் விட்டுப்போன ஒரு வாரப் பத்திரிகையில் அமெரிக்கக் கொள்ளைக்காரர்கள் பற்றிய கட்டுரை ஒன்று இருந்தது. அங்கேயும் சுடப்பட்டவர்களைப் பலகையில் நிறுத்திவைத்துப் படம் எடுத்து விற்றிருக்கிறார்கள். பக்கத்தில் ஊர்க்காரர்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்கள். முந்தின மாதம் வரை அவர்களைப் புகழ்ந்து பாட்டுக் கட்டியவர்களும் அந்தக் கூட்டத்தில் நின்றிருப்பார்கள் என்று தோன்றியது. அந்தப் பக்கத்தை மடித்து ஜன்னல் வழியாக விட்டெறிந்தேன்.

திருச்சுழியில் பஸ் நிற்கும் இடத்தில் இருந்த டீக்கடைக்காரர் அந்தப் படத்தை வாங்கிச் சட்டம் போட்டு, சாமி படங்களுக்குக் கீழே மாட்டியிருந்தார். அதைப் பார்ப்பதற்காகவே அங்கே டீ குடிக்க வந்தார்கள். ஒருநாள் நான் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அந்த ஆத்தா கடை வாசலில் வந்து நின்றது. கடைக்காரருக்கு யாரென்று தெரியவில்லை.

"என்னாத்தா வேணும்?"

ஆத்தா படத்தையே பார்த்தது. பிறகு மெதுவாகக் கேட்டது.

"எம்மகன் கண்ண மூடிவிட்டுட்டுப் படம் எடுத்துருக்கலாம்ல, அய்யா?"

கடைக்காரர் ஸ்டூலைப் போட்டு ஏறிப் படத்தைக் கழற்றி ஆத்தாவின் கையில் கொடுத்தார். முந்தானையில் சுற்றிக்கொண்டு போய்விட்டது. அந்த இடத்தில் சுவர் மட்டும் கொஞ்ச நாள் வெள்ளையாகத் தெரிந்தது.

தம்பிக்காரன் மேல் வழக்கு மதுரைக் கோர்ட்டில் நடந்தது. அருப்புக்கோட்டை சப்ஜெயிலில் இருந்து வாய்தா நாட்களில் எங்கள் பஸ்ஸில்தான் கூட்டிப்போவார்கள். அந்தக் காலத்தில் கைதிக்கென்று தனி வண்டி ஏது? கடைசி சீட்டில் விலங்கு போட்ட கையோடு அவன் நடுவில், ஏட்டய்யா ஒரு பக்கம், கான்ஸ்டபிள் ஒரு பக்கம். அவன் ஏறினால் பின்சீட்டுக்கு முந்தின வரிசை காலியாகிவிடும்.

ஆத்தா முன்னாடியே கண்மாய்க்கரையில் ஏறி, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும். அருப்புக்கோட்டையில் மகன் ஏறுவது அதற்குத் தெரியும். திரும்பாது. மதுரை வரும்வரை ஒரு தடவைகூடத் திரும்பாது. ஆனால் ஒரு வாய்தாவையும் விட்டதில்லை. தன்னை விடுவிக்கத்தான் சின்ன மகன் பெரிய மகனைக் காட்டிக்கொடுத்தான் என்பதை அது எப்படி எடுத்துக்கொண்டது என்று யாருக்குத் தெரியும். அவனும் அந்த நரைத்த கொண்டையையே பார்த்துக்கொண்டு வருவான்.

ஒருநாள் பாளையம்பட்டி தாண்டியதும் ஆத்தா என் சட்டையைப் பிடித்து இழுத்தது. மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தது. வேகவைத்த கடலை.

"அதுகிட்டக் குடுத்துருய்யா."

'அவன்' என்றுகூடச் சொல்லவில்லை. நான் பின்னால் போய் ஏட்டய்யாவைப் பார்த்தேன். அவர் பொட்டலத்தைப் பிரித்து ஒரு கடலையை உடைத்துப் பார்த்துவிட்டு, "குடு" என்றார். தம்பிக்காரனின் கையில் சாயம் அனேகமாகப் போயிருந்தது. நகக் கண்ணில் மட்டும் நீலம் ஒட்டியிருந்தது.

"ஆத்தா ஏதும் சொல்லுச்சாண்ணே?"

"சாப்பிடச் சொன்னாக" என்றேன்.

அவன் ஒவ்வொரு கடலையாக உடைத்துத் தின்றான். விலங்கு குலுங்கும் சத்தம் முன்வரிசை வரை கேட்டிருக்கும். அதன் பிறகு ஒவ்வொரு வாய்தாவுக்கும் பொட்டலம் வந்தது. ஏட்டய்யா பிரித்துப் பார்ப்பதை விட்டுவிட்டார். மாமனை வெட்டிய கதையை அந்த ஏட்டய்யாதான் எனக்குச் சொன்னார். கோர்ட்டில் தம்பிக்காரன் எதையும் மறைக்கவில்லையாம். "நான் வெட்டல, ஆனா நான் தடுக்கவும் இல்ல" என்றானாம்.

ஆயுள் தண்டனை விழுந்தது. அன்று மாலை மதுரையில் ஆத்தா தனியாக ஏறியது. முன்வரிசை காலியாகத்தான் இருந்தது. ஆனால் நேராகப் பின்னால் போய், கடைசி சீட்டின் நடுவில் உட்கார்ந்தது. அங்கே குலுக்கல் அதிகம். "முன்னாடி வாங்காத்தா, தூக்கிப் போடும்" என்று கூப்பிட்டேன். வரவில்லை. கண்மாய்க்கரை வரை அங்கேயே இருந்தது. பிறகு நான் அதைப் பஸ்ஸில் பார்த்ததில்லை. அடுத்த வருஷமோ அதற்கடுத்த வருஷமோ இறந்துவிட்டதாகச் சொன்னார்கள்.

எழுபதுகளின் பிற்பகுதி. கம்பெனி பஸ்ஸெல்லாம் சர்க்கார் கைக்கு வந்து, நானும் சர்க்கார் கண்டக்டர் ஆகியிருந்தேன். மதுரையில் தலை நரைத்த ஒருவன் துணிப்பையோடு ஏறி, கண்மாய்க்கரைக்கு ஒரு டிக்கெட் கேட்டான். அந்த ஸ்டாப்பை அப்போது யாரும் அந்தப் பெயரில் சொல்வதில்லை. நிமிர்ந்து பார்த்தேன்.

"விட்டுட்டாகளாப்பா?"

"நன்னடத்தைன்னு விட்டுட்டாகண்ணே." டிக்கெட்டை வாங்கிக்கொண்டு கேட்டான். "ஆத்தா ஒரு தடவையாவது எம்பக்கம் திரும்பிப் பாத்துச்சாண்ணே? நான் கவனிக்காம இருந்துருப்பேன்."

தீர்ப்பு நாளன்று மாலை நடந்ததை அவனிடம் சொன்னேன். எந்த சீட், எந்த இடம் என்று கேட்டுக்கொண்டான். பஸ்ஸே மாறிவிட்டது, எதைக் காட்டுவது? பின்பக்கம் கையைக் காட்டினேன். அவன் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். இறங்கும்போதும் எடுக்கவில்லை.

ஊருக்குள் அவனைச் சேர்த்துக்கொள்ளவில்லை. விரட்டவும் இல்லை. யாரும் பேசவில்லை, அவ்வளவுதான். கருவையை வெட்டி மூட்டம் போட்டுக் கரி சுடும் வேலைக்குப் போனான். சில காலைகளில் கரி மூட்டைகளோடு ரோட்டோரம் லாரிக்காக நிற்பான். உடம்பெல்லாம் கரி. என்னைப் பார்த்தால் கையைத் தூக்குவான்.

ஒருநாள் திருச்சுழியில் பஸ் கிளம்பக் காத்திருந்தபோது பக்கத்தில் வந்தான். காவல்காரப் பெரியவரின் மகள் வீட்டுக்குப் போய்வந்ததாகச் சொன்னான். அவளைக் கட்டிக்கொடுத்த ஊர் அங்கிருந்து பக்கம்தான்.

"எதுக்குப்பா போன?"

"தெரியலண்ணே. மாமன் மக. ஒரு தடவ போயி நின்னுரணும்னு உள்ள இருக்கும்போதே நெனப்பு."

"என்ன சொல்லுச்சு?"

"வாசல்லயே நின்னேன். உள்ள போயி சொம்புல தண்ணி கொண்டாந்து கீழ வச்சுச்சு. குடிச்சேன். குடிச்சு முடிக்கிற வரைக்கும் பாத்துக்கிட்டே நின்னுச்சு. இனிமே இந்தப் பக்கம் வராதன்னுச்சு. சரின்னுட்டு வந்துட்டேன்."

டிரைவர் ஹாரன் அடித்தார். நான் படியில் ஏறிக்கொண்டேன். அடுத்த மாதம் என்னை விருதுநகர் பக்கம் வேறு ரூட்டுக்கு மாற்றிவிட்டார்கள். மூட்டப் புகை நெஞ்சில் சேர்ந்து அவன் இருமிக்கொண்டிருந்ததாகவும், ஒரு மழைக்காலத்தில் கரிக்காட்டுக் குடிசையிலேயே செத்துக் கிடந்ததாகவும் பிறகு கேள்விப்பட்டேன். கூட வேலை பார்த்தவர்கள்தான் எடுத்துப் போட்டார்களாம்.